விருந்தும் மருந்தும் ஒரே பில்லில்

காலை ஏழு மணிக்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் போய் நின்றால், எந்த ஊரில் நிற்கிறோம் என்று ஒரு கணம் சந்தேகம் வரும். லாட்ஜ் பெயர்ப்பலகையில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து. நாணயம் மாற்றும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸிலிருந்து கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை. எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மாள் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார். மகன் ஆட்டோக்காரரிடம் சைகையிலேயே பேரம் பேசுகிறான். லாட்ஜ் வரவேற்பு மேஜையில் பாஸ்போர்ட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் ஓர் இளைஞர். வேலூரில் ஐடா ஸ்கடர் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே காட்சிதான். கிழக்கிலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றால் மூட்டை முடிச்சுகளோடு மருத்துவக் கோப்புகளும் சேர்ந்தே இறங்கும்.

இந்த நடமாட்டத்துக்கு அரசு ஆவணங்களும் வியாபாரிகளும் சூட்டியிருக்கும் பெயர் 'மருத்துவச் சுற்றுலா'. வயலை விற்று, நகையை அடகு வைத்து, பாஷை தெரியாத ஊருக்குப் புற்றுநோயோடு வந்து இறங்குகிறவரைச் சுற்றுலாப் பயணி என்று அழைக்க மனசு கல்லாகியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெயருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் இன்னொரு கூட்டமும் உண்டு. நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்காரும் கூட்டம் அது. லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் டிசம்பர் விடுமுறைக்கு வரும் அண்ணன், மைத்துனி, சித்தப்பா. சபாக் கச்சேரி, தி.நகர் பட்டுப்புடவை, குலதெய்வம் கோயில் என்று நீளும் பட்டியலின் கடைசியில் 'பல், கண், மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று ஒரு வரி இருக்கும். ஓசிஐ அட்டை கையில் இருந்தால் விசாகூடத் தேவையில்லை. ஊருக்கு வந்த மாதிரியும் ஆச்சு, உடம்பைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

உலகம் முழுக்க இந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி நடந்தே போகும் தூரத்தில் மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனை. முடி நடுவதற்கு இஸ்தான்புல். கடற்கரையும் அறுவை சிகிச்சையும் ஒரே பேக்கேஜில் வேண்டுமென்றால் தாய்லாந்து. இவர்களையெல்லாம் கிளப்பி விடுவது பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவருக்கு ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் செலவே ஒரு மாத வாடகையை விழுங்கிவிடும். தன் நாடு கைவிட்ட இடத்தில் இன்னொரு நாட்டின் கதவைத் தட்டுகிறவர் மீது இந்தத் தலையங்கம் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது. மலிவான இடத்தில் மருந்து தேடுவது மனிதன் செய்யக்கூடிய நியாயமான காரியங்களில் ஒன்று.

நாம் கேட்பது வேறு. அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? அதற்கு யார் கணக்குத் தீர்க்கிறார்கள்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் பயணத்தின் திசையே தலைகீழாக இருந்தது. வசதியுள்ளவர்கள் பெரிய சிகிச்சைக்கு இங்கிருந்து அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ போனார்கள். 1983இல் அப்பல்லோ மருத்துவமனை சென்னையில் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே அங்கே அனுமதிக்கப்பட்டிருந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்காகத் தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு மாநிலமே அந்த விமானத்தின் வால்பக்கம் பார்த்துக் கும்பிட்டு நின்றது. இன்று அதே சிகிச்சைக்கு அடுத்த நாட்டுக்காரர் நம் ஊருக்கு வருகிறார். இந்த மாற்றத்தில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. 2019இல் மட்டும் சுமார் 7 லட்சம் வெளிநாட்டவர் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு வந்ததாக மத்திய சுற்றுலாத் துறையின் கணக்கு சொல்கிறது. அவர்களில் பெரும்பங்கு வங்கதேசத்தவர்.

பெருமைப்பட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். மலிவில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, கைத்திறனிலும் யோசனையிலும் பிறந்த மலிவு. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதற்கு உதாரணம். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் ஒரு நிமிடமும் வீணாகாது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய கண் லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி மதுரையிலேயே அதைச் செய்தார்கள். பணம் கொடுக்கிறவர் கொடுத்த பணத்தில், கொடுக்க முடியாதவருக்கும் கண் தெரிந்தது. இந்த மலிவில் யார் வயிற்றிலும் அடி விழவில்லை. இதை உலகத்துக்கு விற்றால் நாம் மேடை போட்டுப் பாராட்டுவோம்.

இன்னொன்று, யாரோ ஒருவரின் சோற்றைக் குறைத்துப் பிறக்கும் மலிவு. தனியார் மருத்துவமனையின் வார்டில் இரவு இரண்டு மணிக்கு சலைன் பாட்டிலை மாற்றும் செவிலியரைக் கேட்டால் அதன் கணக்கு தெரியும். தனியார் செவிலியர்களின் சம்பளம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு வழிகாட்டியது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றது. பரிந்துரை வந்தது, அமல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது, கோப்பு அலமாரிக்குப் போனது. வெளிநாட்டு நோயாளியின் கட்டிலருகே புன்னகையோடு நிற்கும் அந்தப் பெண், ஒப்பந்தம் முடிந்ததும் வளைகுடாவுக்கோ அயர்லாந்துக்கோ போவதற்கு ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளும் மருத்துவத்துக்காக நாடு கடக்கிறவள்தான். அவளைச் சுற்றுலாப் பயணி என்று யாரும் அழைப்பதில்லை.

மருத்துவரின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கல்விக் கட்டணத்தில் மருத்துவர்களை உருவாக்குகின்றன. மீதிச் செலவைக் கட்டுவது கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளியும் சேர்ந்து செலுத்தும் வரி. அந்த மருத்துவர் கை தேர்ந்தது அரசு மருத்துவமனை வார்டுகளில், இலவசமாக வந்து படுத்த ஏழைகளின் உடம்பில். தேர்ந்த கை பின்னாளில் எங்கே வேலை பார்ப்பது என்பது அவரவர் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையை டாலருக்கு விற்கும் நிறுவனம், அதைச் செய்து கொடுத்தவர்களுக்கு ஒரு கடன் பட்டிருக்கிறது.

அந்தக் கடனை நாம் ஒருமுறை எழுதியே வாங்கியிருந்தோம். 1988இல் மத்திய அரசு, மருத்துவமனைகள் வெளிநாட்டுக் கருவிகளைச் சுங்க வரியில்லாமல் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. சும்மா கொடுக்கவில்லை. புறநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு இலவசச் சிகிச்சை, மாத வருமானம் 500 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு 10 சதவீதம் படுக்கை என்று நிபந்தனை போட்டது. ஸ்கேன் இயந்திரங்கள் வந்து இறங்கின. பல இடங்களில் நிபந்தனை துறைமுகத்தோடு நின்றுவிட்டது. 1994இல் சலுகையே திரும்பப் பெறப்பட்டது. சலுகை வாங்கியவர்களுக்கு இது ஒரு நாள் கடமை அல்ல, தொடரும் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பாடம் படித்தோமா? 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, வெளிநாட்டு நோயாளியிடம் அந்நியச் செலாவணி ஈட்டும் சேவையை ஏற்றுமதிக்கு நிகராக மதித்துச் சலுகை தரலாம் என்று பேசியது. 2025 பட்ஜெட் உரையும் தனியார் துறையோடு சேர்ந்து மருத்துவச் சுற்றுலா வளர்க்கப்படும், விசா விதிகள் எளிதாக்கப்படும் என்றது. கொடுப்பது பற்றி வரிவரியாக எழுதுகிறார்கள். கேட்பது பற்றி மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

வருகிறவருக்காவது நியாயம் கிடைக்கிறதா? அங்கேதான் நம் ஊரின் பழைய பாத்திரம் ஒருவர் புது உடுப்பில் வந்து நிற்கிறார். கம்பெனி காலத்து மதராசில் வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்ல துபாஷி இருந்தார். இரண்டு பக்கமும் அவருக்குத் தரகு உண்டு. இன்றைய துபாஷிக்கு கழுத்தில் அடையாள அட்டை, வாட்ஸ்அப்பில் மூன்று பாஷை. விமான நிலையத்திலேயே அழைத்து, லாட்ஜ் பிடித்துக் கொடுத்து, மருத்துவரிடம் கூட்டிப் போய், மருத்துவர் சொன்னதை மொழிபெயர்ப்பவர் அவரே. நல்லவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பாஷை தெரியாதவர் திண்டாடிப் போவார். ஆனால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் எவ்வளவு என்ற கணக்கு அவர் மனசில் ஓடும்போது, 'அறுவை தேவையில்லை, மாத்திரை போதும்' என்று சொல்லும் மருத்துவரிடம் அவர் ஏன் அழைத்துப் போகப் போகிறார்?

நோயாளியை அனுப்பி வைப்பதற்காக மருத்துவர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி தவறு. அந்த விதி மருத்துவரின் கையைக் கட்டுகிறது. மருத்துவமனையின் விற்பனைப் பிரிவுக்குத் தனிக் கை இருக்கிறது. அதை யாரும் கட்டவில்லை. தரகுக்குப் போகும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. 'வெளிநாட்டவர் கட்டணம்' என்ற தனி அட்டவணையில் அது ஒளிந்திருக்கிறது. அதே மருத்துவர், அதே கட்டில், அதே ஊசி. பாஸ்போர்ட்டின் நிறத்துக்கு ஒரு விலை. மொழிபெயர்ப்பாளர் சம்பளம், கூடுதல் எழுத்து வேலை என்று உண்மையான செலவு இருந்தால் அதைத் தனி வரியாகப் போட்டு வாங்கட்டும். மூட்டத்துக்குள் மறைத்து வாங்குவதற்குப் பெயர் கட்டணம் அல்ல.

விடுமுறைக்காரருக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. அவருக்குத் தரகர் தேவையில்லை. அவருடைய டிக்கெட்டே தரகர் வேலையைச் செய்துவிடுகிறது. பல்லையே எடுத்துக்கொள்வோம். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பொருத்தினால், எலும்பு அதை ஏற்றுப் பிடித்துக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். வந்தவருக்கு இருப்பதோ மூன்று வாரம். அதிலும் ஒரு வாரம் திருச்செந்தூர், ராமேஸ்வரம். எலும்புக்கு விமான நேரம் தெரியாது. ஆனால் மருத்துவர் 'இந்தத் தடவை திருகு, அடுத்த தடவை பல்' என்று சொன்னால் வந்தவர் முகம் வாடுகிறது. பக்கத்துத் தெருவில் 'ஒரே தடவையில் முடித்துத் தருகிறோம்' என்று பலகை தொங்குகிறது. நல்ல பற்களை நாலு பக்கமும் செதுக்கி வெள்ளைக் கேப் மாட்டி ஒரே வாரத்தில் சினிமாச் சிரிப்பு தருவதும் இந்தச் சந்தையில் நடக்கிறது. ஒருமுறை செதுக்கிய பல் மறுபடி முளைக்காது என்பதை அந்தப் பலகை சொல்வதில்லை.

கண்ணில் இன்னும் கொடுமை. விழித்திரை விலகலுக்கு அறுவை செய்யும்போது சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி விடுவார்கள். அது கரைய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறையக் குமிழி விரியும். கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். முழங்கால் மாற்றிய கையோடு நீண்ட விமானப் பயணம் போனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். இதெல்லாம் மருத்துவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 'உங்கள் ரிட்டர்ன் டிக்கெட் என்றைக்கு?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்டு அதற்கேற்பச் சிகிச்சையைச் சுருக்குகிறவர், மருத்துவத்தைக் கைவிட்டு டிராவல்ஸ் நடத்தப் போகலாம். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. இரண்டையும் சேர்த்து மூன்று நாளில் முடித்துக்கொள் என்று அதற்கு யாரும் அர்த்தம் சொன்னதில்லை.

ஊர் திரும்பிய பிறகு கோளாறு வந்தால் யார் பொறுப்பு? மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் வங்கதேசத்தின் சில்ஹெட்டிலோ மாலத்தீவின் மாலேயிலோ இருந்துகொண்டு சென்னையில் வழக்கு நடத்துவது யாரால் ஆகும்? வழக்கமான பயணக் காப்பீடும் திட்டமிட்டுச் செய்துகொண்ட சிகிச்சைக்குக் கைவிரிக்கும். புண் ஆறாமல் போனால் அவருடைய ஊர் அரசு மருத்துவமனைதான் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். மலிவில் ஒரு பங்கை அந்த ஊரின் வரிப்பணமும் கட்டுகிறது.

இந்தக் கணக்கில் கிருமிக்கும் ஒரு வரி உண்டு. 2010இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத என்டிஎம்-1 என்ற மரபணு கொண்ட கிருமிகளைச் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் கண்டதாகச் சொன்னது. பிரிட்டன் நோயாளிகளில் சிலர் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து அழகு சிகிச்சை உள்ளிட்ட அறுவைகளைச் செய்துகொண்டு திரும்பியவர்கள். என்டிஎம் என்ற பெயரின் விரிவில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாடே கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற குரலும் எழுந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் என்பது பலருக்கு நினைவில்லை. பெயருக்குக் கோபப்பட்டது நியாயமாக இருக்கலாம். ஆனால் 'நம் வார்டு சுத்தமா?' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'நம் வியாபாரம் போய்விடுமா?' என்று முதலில் கேட்டோமே, அதுதான் உறுத்துகிறது. நல்லவேளை, 2012இல் ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தச் சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' என்ற ஆவணத்தையும் இதே ஊரில் கூடிய மருத்துவர்கள்தான் எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் கூர்மையாக நெஞ்சில் குத்துவது உறுப்பு தானம். 1980களிலும் 90களிலும் சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்த அளவுக்கு ஏழைகளின் சிறுநீரகம் விலைபோனது. 1994இல் சட்டம் வந்தது. 2008க்குப் பிறகு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை ஒழுங்காகப் பகிர்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியானது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதையும் தருகிறோம். இவ்வளவுக்கும் நடுவில் 2018இல் ஒரு செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலத்தில் நடந்த இதய மாற்று சிகிச்சைகளில் சுமார் நான்கில் ஒன்றும் நுரையீரல் மாற்றில் மூன்றில் ஒன்றும் வெளிநாட்டவருக்குப் போனதாம். பட்டியலில் இந்தியர் யாரும் பொருந்தவில்லை, அதனால்தான் கொடுத்தோம் என்றார்கள். வீணாய்ப் போவதைவிட யாரோ ஒருவர் பிழைப்பது மேல், சரிதான். ஆனால் நம் ஊர் நோயாளி பொருந்தாமல் போனது ரத்த வகையாலா, பணப்பையாலா? பல லட்ச ரூபாய் கட்ட முடியாமல் பட்டியலுக்கே வராதவர் எந்தக் கணக்கில் வருவார்? மகனை இழந்த தாய் ஒருத்தி, அழுத கண்ணோடு கையெழுத்துப் போட்டு, ஒரு பைசா வாங்காமல் கொடுத்த இதயம் அது. இடையில் யார் கைக்குப் போனாலும் அது வியாபாரச் சரக்காக மாறக் கூடாது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் கடனுக்கு விலைபோன செய்தி வந்தபோது, கிட்னிவாக்கம் வேறு ஊருக்குக் குடிபோயிருக்கிறது என்பதுதான் தெரிந்தது.

எதிர்வாதம் நமக்குத் தெரியாததல்ல. இவர்கள் வருவதால் லாட்ஜ்காரர் பிழைக்கிறார், மெஸ்காரர் பிழைக்கிறார், ஆட்டோ ஓடுகிறது. வெளிநாட்டுப் பணம் வருவதால்தான் புது இயந்திரம் வாங்க முடிகிறது, அதே இயந்திரத்தில் உள்ளூர்க்காரருக்கும் ஸ்கேன் எடுக்கிறோம் என்று மருத்துவமனைகள் சொல்கின்றன. இதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. கொரோனா வந்த 2020இல், வந்தவர் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் கீழே சரிந்தது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, இந்திய விசா கிடைப்பது குதிரைக்கொம்பானபோது லாட்ஜ் அறைகள் பூட்டிக் கிடந்தன. நேற்றுவரை 'விருந்தாளி' என்று கொண்டாடப்பட்டவர், பாதிச் சிகிச்சையோடு டாக்காவில் மாட்டிக்கொண்டார். சிலர் பாங்காக்குக்கும் சீனாவின் குன்மிங்குக்கும் வழி தேடினார்கள். கீமோதெரபியின் அடுத்த தவணை ராஜதந்திரிகளின் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காது. ஒருவரை நோயாளியாக ஏற்றுக்கொண்டால் சிகிச்சை முடியும்வரை அவர் நம் நோயாளி. லாபம் வரும்போது மட்டும் விருந்தாளி, நிலவரம் மாறினால் அந்நியன் என்பது மருத்துவத்தின் தர்மத்தில் சேராது.

ஆகவே நம் தீர்ப்பு இது. மலிவான சிகிச்சை தேடி வருகிறவர் குற்றவாளி அல்ல. அவருக்கு நல்ல சிகிச்சை தருகிற மருத்துவரும் குற்றவாளி அல்ல. பொதுப் பணத்திலும் செவிலியரின் குறைகூலியிலும் விளைந்த மலிவைத் தன் சொந்தச் சரக்காகக் காட்டி விற்று, விளைவித்தவருக்குப் பங்கு தராத நிர்வாகம் குற்றம் செய்கிறது. அதற்குச் சலுகையும் விளம்பரமும் கொடுத்துவிட்டு நிபந்தனை கேட்க மறக்கும் அரசு அந்தக் குற்றத்தின் கூட்டாளி.

பரிகாரம் ஒன்றும் மந்திரமல்ல. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்றது. வானம் இடிந்து விழவில்லை. விலையை வெளிச்சத்தில் வைக்க முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. வெளிநாட்டு நோயாளியை ஏற்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கட்டணத்தை எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். தரகுக்கு எவ்வளவு போகிறது என்பது பில்லில் தனி வரியாக வர வேண்டும். 2016ஆம் ஆண்டுக் குழு சொன்ன சம்பளத்தைச் செவிலியருக்குத் தராத மருத்துவமனைக்கு வெளிநாட்டு நோயாளியைச் சேர்க்கும் அங்கீகாரம் கூடாது. அந்த பில்களிலிருந்து ஒரு சிறு பங்கு, உறுப்பு மாற்றுக்குப் பணமில்லாத உள்ளூர் ஏழையின் நிதிக்குப் போகட்டும். எந்த உறுப்பு எந்த நாட்டவருக்கு, ஏன் போனது என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கட்டும். சிகிச்சையைத் தொடங்கியவருக்கு, இரு நாட்டு உறவு எப்படி இருந்தாலும், அது முடியும்வரை விசா உறுதி தரட்டும்.

வரும் டிசம்பரில் ஊருக்கு வரப்போகும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வாருங்கள்; உங்கள் ஊர்தான். ஆனால் டிக்கெட்டைப் போட்டுவிட்டு அதற்குள் சிகிச்சையைத் திணிக்காதீர்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பொருத்திய திருகு, லென்ஸ், மூட்டு எதுவானாலும் அதன் ஸ்டிக்கரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஊர் மருத்துவருக்கு நாளைக்கு அது தேவைப்படும். 'இப்போது வேண்டாம், அவசரமில்லை' என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கணக்கை முடித்துக் கிளம்பும்போது, 'அங்கே ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குதான்' என்று பெருமையாகச் சொல்வீர்கள். மீதி ஒன்பது பங்கைக் கட்டியவர், நீங்கள் லிஃப்ட்டில் இறங்கும்போது இரவுப் பணி முடிந்து படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு நியாயமான சம்பளம் தருகிறீர்களா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். பணம் கட்டுகிறவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.